திறந்து கிடந்த படலை

தைப்பொங்கல் அன்று விடியற்காலையில் முற்றத்தைப் பெருக்கி மெழுகிக் கோலமிட்டு, அடுப்புக் கட்டிகள் மூன்றை வைத்து, கிழக்கு நோக்கிப் புதுப்பானை ஏற்றுவது யாழ்ப்பாணத்து இல்லங்களிலே தொன்றுதொட்டு வரும் வழமை. பால் பொங்கிச் சரியும் கணத்திலே சீனவெடி கொளுத்துவதும் அவ்வழமையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓர் ஒழுங்கையிலே இருபது வீடுகள் இருந்தால் இருபது பானைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்திலே பொங்கும். இருபது வீட்டு வெடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடக்கும். சிறுவர்கள் கைகொட்டி ஆர்ப்பரிப்பர். புகை அடங்கிய பின்னர் சூரியனுக்குப் படைத்து, காகத்துக்கு வைத்து, அயல்வீடுகளுக்குப் பொங்கல் கொடுத்தனுப்புவோம். இவையெல்லாம் வாசகர்கள் அறியாதவை அல்ல. ஆயினும், அந்தக் கால்மணி நேரத்திலே உங்கள் வீட்டு நாய் எங்கே இருந்தது என்று எவரேனும் எம்மைக் கேட்டிருந்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை எம்மிடம் விடை இருந்திராது.

எமது நாயின் பெயர் வீமன். சாதி சொல்லிப் பெருமைப்படத்தக்க நாயன்று. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். இரவிலே வளவுக்குள் ஒரு காவோலை விழுந்தாற்கூட ஒழுங்கை முழுவதையும் எழுப்பிவிடுவான். அந்தத் துணிவைக் கண்டே அவனுக்கு அப்பெயர் வாய்த்தது. அவ்வாண்டுப் பொங்கலன்று பானை பொங்கியது, வெடி கொளுத்தினோம், படைத்தோம், உண்டோம். பிள்ளைகள் தட்டங்களை ஏந்தி அயலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தமையால் படலை திறந்தபடியே கிடந்தது. முற்பகல் பத்து மணியளவிலே வீமனுக்கென எடுத்துவைத்த பொங்கலோடு கோடிப்பக்கம் சென்ற எமது இளைய மகள், வெறும் சங்கிலியைக் கையிலே தூக்கிக்கொண்டு வந்தாள். வளையமொன்று நெளிந்து திறந்திருந்தது. எவ்வளவு வலுவோடு இழுத்திருப்பான் என்பதை அந்த வளையத்தைப் பார்த்த பின்னரே உணர்ந்தோம்.

பசித்தால் திரும்பிவருவான் என்று எண்ணினோம். மாலையாகியும் வரவில்லை. ஒழுங்கைகள் தோறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். இரவு பத்து மணிக்கும் எங்கோ தொலைவில் மிச்ச வெடிகள் கேட்டுக்கொண்டிருந்தன.

நாயின் செவியைப் பற்றி அப்பொழுது எமக்குத் தெரிந்தது சொற்பமே, பின்னர்தான் படித்தறிந்தோம். மனிதச் செவி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைக் கேட்கும். நாயின் செவிக்கு 45,000 வரையும், பூனையின் செவிக்கு 60,000க்கு மேலும் எட்டும். எமக்கு ஓசையற்றதாகத் தோன்றும் வீட்டினுள்ளும் அவற்றுக்கு ஓயாத ஒலி உண்டு. அத்தகைய செவிக்கருகே வெடி வெடிப்பதை எண்ணிப்பாருங்கள். எமக்கு அது திருநாள் என்பது தெரியும். கையிலே தீக்குச்சி இருப்பதும் தெரியும். நாய்க்கோ முன்னறிவிப்பு இல்லை, காரணமும் இல்லை, அது எப்பொழுது முடியும் என்பதற்கு ஓர் அளவும் இல்லை. உடலிலே அதிரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கால்கள் ஓடத் தொடங்குகின்றன. அவ்வாறு ஓடும் நாய் தன் பெயரைக் கேட்டாலும் நிற்பதில்லை. துணிவுள்ள நாய், கோழை நாய் என்ற பேதமும் அப்பொழுது இல்லை. வீமன் என்று பெயரிட்டது எமது விருப்பம். அவனுடைய நரம்புகளுக்கு அது தெரியாது.

இதனை விளங்கிக்கொள்ள எம்மவர்க்கு விஞ்ஞான நூல் தேவையில்லை என்று சில வேளைகளில் நினைப்பதுண்டு. வெடியோசை கேட்ட மாத்திரத்தே, மனம் அறியுமுன் உடல் குனியும் அனுபவம் போர்க்காலத்திலே இம்மண்ணில் வாழ்ந்த எல்லோருக்கும் உண்டு. இன்றும் தீபாவளி இரவிலே முகம் வெளிறிப் போகும் முதியவர்களை நாம் அறிவோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபொழுது, மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நாயைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தவர்கள் பலர். அன்று விட்டுச் சென்றது வேறு வழியின்மையால். இன்று படலையைத் திறந்து போட்டுவிட்டுப் பொங்கல் உண்டுகொண்டிருந்த எமக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

மறுநாள் மாட்டுப்பொங்கல். அயலிலே பசுக்களைக் குளிப்பாட்டி, கொம்புக்கு நிறந்தீட்டி, மாலையணிந்து பொங்கலூட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் மதகுகளுக்குள் தலையை நீட்டி வீமன், வீமன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். எமது ஊரிலே வைரவர் கோயில் இல்லாத குறிச்சி இல்லை. வைரவருக்கு வாகனம் நாய் என்பதைக் குழந்தையும் அறியும். அந்த வைரவர் வாசலிலேயே படுத்திருக்கும் நாய்க்குக் கல்லெறிபவரையும் அன்று கண்டோம். கண்டித்துப் பேச வாயெழவில்லை. எமது நாயையே காக்கத் தெரியாத நாம் எந்த முகத்தோடு பேசுவது?

மூன்றாம் நாள் கடைக்காரர் ஒருவர், ஊருக்கு வெளியே சில மைல் தொலைவிலே கட்டாக்காலி நாய்களைப் பராமரிக்கும் இடமொன்று உண்டென்றும், பெருநாட்களிலே ஓடிப்போகும் நாய்கள் அங்கே வந்து சேர்வதுண்டென்றும் கூறினார். நான்காம் நாட் காலை மகளையும் அழைத்துக்கொண்டு அங்கே சென்றோம்.

பனங்காணியொன்றின் நடுவே கம்பிவலை அடித்த கொட்டகைகள் நான்கு, ஒரு கிணறு, கரிபிடித்த பெரிய அண்டா ஏற்றிய அடுப்பு. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவரும் உதவிக்கு ஓர் இளைஞரும் இருந்தனர். வந்த காரணத்தைச் சொன்னோம்.

"கழுத்துப் பட்டி கட்டியிருந்தனீங்களோ, தம்பி?" என்று அம்மையார் கேட்டார்.

இல்லை என்றோம்.

"ஊசி போட்ட அட்டை இருக்கோ?"

முதலாம் ஆண்டு போட்டோம். பின்னர் மறந்துவிட்டோம் என்றோம். அம்மையார் எம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மூன்றாவது கொட்டகையின் மூலையிலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வீமன் கிடந்தான். முன்னங்காலிலே முட்கம்பி கிழித்த காயம். அதற்குத் தையல் போடப்பட்டிருந்தது. மகள் ஓடிச்சென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "கூப்பிடாதே, பிள்ளை. இதிலே பேசாமல் இரு" என்றார் அம்மையார். அவள் நிலத்திலே சம்மணமிட்டு, முகத்தை வேறு திசைக்குத் திருப்பிக்கொண்டு இருந்தாள். நெடுநேரம் சென்றது. பின்னர் வீமன் வயிற்றை நிலத்தோடு தேய்த்தவாறு ஊர்ந்து வந்து, அவளுடைய மடியிலே தலையை வைத்தான். அதற்கு மேல் அட்டையோ பட்டியோ எவரும் கேட்கவில்லை.

புறப்படும்பொழுது, தையலுக்கும் மருந்துக்கும் எவ்வளவு தரவேண்டும் என்று வினவினோம். அம்மையார் அதற்கு விடை கூறாமல் கொட்டகைகளைக் காட்டி, "பொங்கலுக்கு ஏழு வந்தது, தம்பி. தேடி வந்தது நீங்கள் மட்டும்தான்" என்றார்.

அச்சொல்லே மறுவாரமும் எம்மை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. முதலில் நன்றிக்கடன் என்று போனோம். இப்பொழுது மாதத்துக்கு இருமுறை போவது வழமையாகிவிட்டது. கண்டறிந்தவற்றுட் சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய இடங்களுக்குப் பண்டிகைக்காலமே மிகக் கடினமான காலம். எமக்கு விடுமுறை என்றால் அங்கே வேலை செய்பவருக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. அவரும் லீவு கேட்பார். மிருக வைத்தியரும் ஊருக்குப் போய்விடுவார். மீன் சந்தை மூடியிருப்பதால் சோற்றோடு சேர்த்து அவிக்கும் மீன்தலையும் கழிவும் கிடைப்பதில்லை. ஆனால் நாய்களின் தொகையோ அந்த வாரத்திலேதான் கூடுகிறது. வெடிக்குப் பயந்து ஓடியவை ஒருபுறம். விருந்தினர் வருமுன் வீட்டைத் துப்புரவாக்குவோர் அட்டைப்பெட்டியிலே இட்டுப் படலையடியில் வைத்துவிட்டுப் போகும் குட்டிகள் மறுபுறம். இரவோடிரவாகப் பெட்டியை வைத்துவிட்டுச் செல்பவர், தெருவிலே எறியாமல் நல்ல இடத்திலே சேர்த்தோம் என்று மனநிறைவோடு உறங்கக்கூடும். அப்பெட்டியினுள்ளே ஒரு குட்டிக்குப் பார்வோ வைரசு இருந்தால் நிகழ்வது என்ன? வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக அது மடிவதோடு நில்லாது. அந்தக் கிருமி மண்ணிலே மாதக்கணக்கில் உயிர்த்திருந்து, தடுப்பூசி ஏற்றாத மற்றைய குட்டிகளையும் கொண்டுபோகும். வெளிற்றும் தூளைக் கரைத்துத் தரையைத் திரும்பத் திரும்பக் கழுவவேண்டும். புதிதாக வரும் நாய்களைச் சில வாரங்கள் புறம்பாக வைத்திருக்க வேண்டும். அதற்கென ஒரு கொட்டகை ஒதுக்கினால் மற்றையவற்றுக்கு இடம் நெருங்கும். ஆதலால் குட்டிகளைக் கொடுக்கத்தான் வேண்டுமெனில், பகலிலே சென்று, முகத்தைக் காட்டி, தாய் நாய் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிக் கொடுப்பதே முறை. தாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் அடுத்த பெட்டிக்குத் தேவை இராது. பெண் நாயொன்று ஆண்டுக்கு இருமுறை ஈனவல்லது என்பதை எண்ணினால் இதன் அவசியம் விளங்கும்.

உதவி செய்வோரைப் பற்றியும் அம்மையாரிடம் ஒரு மனக்குறை உண்டு. குறை என்று அவர் சொல்லார். பிறந்தநாள், திவசம், பண்டிகை என்று ஒரே நாளிலே மூன்று வாகனங்களில் சோற்றுப் பொதிகள் வந்திறங்குமாம். நாய்கள் மூன்று வேளையும் உண்ணா. மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒருவரும் எட்டிப் பாரார். "ஒரு நாளைக்கு ஒரு மூட்டை அரிசி தராதேங்கோ, தம்பி. மாதாமாதம் ஐந்து கிலோ தாருங்கோ" என்று அவர் எம்மிடம் கேட்டுக்கொண்டார். அரிசியை விட அரியது மருந்து. உண்ணிக்காய்ச்சலுக்கும் சொறிக்கும் மருந்துச் செலவு சோற்றுச் செலவை விஞ்சிவிடுகிறது. பழைய சாக்கு, பழைய சேலை, பழைய பத்திரிகை எல்லாம் அங்கே பயன்படுகின்றன. எமது கட்டுரைகள் சில குட்டிகளின் கீழ் விரிக்கப்பட்டிருப்பதை நாமே கண்டோம். வாசகரிடத்திலும் அவற்றுக்கு இத்துணை உடனடிப் பயன் கிடைத்ததில்லை.

மாணவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பணம் சேர்க்கவேண்டியதில்லை. மாலையிலே இருவர் சென்று ஒரு நாயைச் சங்கிலியிலே பிடித்து அரைமணி நேரம் நடத்தி வந்தால், மனிதக் கையைக் கண்டு அஞ்சிய நாய் மெல்ல மெல்ல அஞ்சாமற் பழகும். பழகிய நாயை ஒரு வீட்டார் விரும்பிக் கொண்டுபோவர். பழகாத நாய் அங்கேயே கிழடாகும். தம் வீட்டிலே சிறு குட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் மட்டும், திரும்பியதும் கைகாலைக் கழுவி உடைமாற்றிய பின்னரே அதனைத் தொடவேண்டும்.

வெளியூர்களிலும் இப்பணி ஏளனத்தோடுதான் தொடங்கிற்று. 1860 ஆம் ஆண்டிலே மேரி டீல்பி என்னும் அம்மையார் இலண்டன் மாநகரின் ஹொலோவே பகுதியில் அநாதை நாய்களுக்கு ஓர் இல்லம் திறந்தபொழுது, மனிதர் பசித்திருக்க நாய்க்கு இல்லமா என்று பத்திரிகைகள் நகைத்தன. 1871 இல் பட்டர்சிக்கு மாறிய அவ்வில்லம் இன்றும் நடைபெறுகிறது. சென்னையிலே விமானியான கப்டன் வி. சுந்தரம் 1959 இல் தொடக்கிய புளூ குறொஸ் அமைப்பும் இன்று பெருமரமாகிவிட்டது. எம் மண்ணிலே, இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கெனச் சரணாலயமொன்றை அமைத்திருப்பதை அன்பர்கள் பலர் அறிவர். நாம் மேலே கூறிய இடம் அதனினும் மிகச் சிறியது; பெயர்ப்பலகையும் இல்லாதது. ஒவ்வோர் ஊரின் ஓரத்திலும் இத்தகைய ஓரிருவர் இருக்கின்றனர், விசாரித்தாலே தெரியவரும்.

சட்டத்தைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் விதித்த தண்டப்பணம் ஆகக்கூடியது நூறு ரூபா. அக்காலத்தில் அது பெருந்தொகை. 2006 இலே சட்ட ஆணைக்குழு புதிய சட்டமூலமொன்றை வரைந்தது. அது ஆண்டுக்கணக்காகப் பேச்சளவிலேயே நின்றது. அதே 2006 முதல் கட்டாக்காலி நாய்களைக் கொல்லுவதை அரசாங்கம் கைவிட்டு, தடுப்பூசியையும் கருத்தடையையும் கைக்கொண்டது.

தடுப்பூசி என்றதும் எமது மறதி நினைவுக்கு வருகிறது. விசர்நாய்க்கடி நோயினால் 1973 ஆம் ஆண்டிலே மட்டும் இலங்கையில் 377 பேர் மாண்டனர். அண்மைய ஆண்டுகளிலே அத்தொகை இருபது முப்பது அளவுக்குக் குறைந்திருக்கிறதென்றால், அதற்குக் காரணம் நாய்களுக்கு ஏற்றப்பட்ட ஊசியே. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி ஏற்றினால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார அமைப்பின் கூற்று. அரசு இலவசமாக ஊசி ஏற்றும் நாட்களும் உண்டு. வெருண்டோடும் நாய் எதிர்ப்பட்டவரைக் கடித்துவிடுவது இயல்பு. ஊசி ஏற்றாத வீமன் அந்த நான்கு நாட்களிலே ஒரு பிள்ளையைக் கடித்திருந்தால்? கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். நாயைப் பதினான்கு நாள் கண்காணிக்க வேண்டும். ஓடித் திரியும் நாயை எப்படிக் கண்காணிப்பது? அவன் எவரையும் கடிக்காதது எமது நற்பேறு. எமது சாமர்த்தியம் அன்று.

இனி, பெருநாட்களிலே வீட்டு விலங்குகளைக் காக்கும் வகை. நாய்க்கு வெடியை விளங்கவைக்க முடியாது. ஒளிந்துகொள்ள ஓர் இடத்தைக் கொடுக்க முடியும். வீட்டின் நடு அறையிலே சன்னல்களைச் சாத்தித் திரையிட்டு, அதன் பழைய துணியை விரித்து, தண்ணீர் வைத்து, வானொலியைச் சற்று உரக்கப் பாடவிட்டால் போதும். முற்பொழுதிலேயே உலாவவிட்டு உணவும் கொடுத்துவிட வேண்டும். கட்டிலின் கீழே புகுந்தால் இழுத்தெடுக்கலாகாது. வெருண்ட நாயைத் தடவினால் அச்சம் வளரும் என்று எம் முன்னோர் கூறுவர். அச்சம் என்பது செல்லம் கொடுத்து வளர்க்கும் பழக்கமன்று. அருகே வந்தால் அணைத்துக்கொள்வதே நன்று என்பர் இன்றைய மிருக வைத்தியர்கள். மிக வெருளும் நாய்க்கு அவர்களிடம் மருந்துண்டு. பண்டிகைக்குச் சில நாட்களின் முன்னரே சென்று கேட்கவேண்டும். வீட்டிலுள்ள மனித மாத்திரைகளைக் கொடுப்பது பேராபத்து. ஒரேயொரு பனடோல் மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது.

உணவின் விடயத்திலே எமக்கு நேர்ந்த வெட்கத்தையும் மறைக்கலாகாது. பொங்கலிலே முதற்பிடியை வீமனுக்கு வைப்பதை ஆண்டுதோறும் அன்பின் அடையாளமாகக் கருதியிருந்தோம். சர்க்கரைப் பொங்கலிலே நாம் தாராளமாக இடும் முந்திரிகை வற்றல் நாய்க்கு நஞ்சு. எல்லா நாய்க்கும் ஒரே அளவிலே தாக்காது. ஆயினும் சில நாய்களுக்குச் சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். நத்தார் கேக்கிலும் இதே வற்றல் உண்டு. சொக்லேற்று கறுக்கக் கறுக்கக் கேடு மிகும். வெங்காயமும் உள்ளியும் இரத்தத்தைக் கெடுக்கும். விருந்து முடிந்து எறியும் கோழியெலும்பு வேகவைத்ததாகையால் ஊசிபோல் உடைந்து குடலிலே குத்தும். வீமனுக்கு இப்பொழுது பொங்கலன்று உப்பின்றி அவித்த சோறும் மீனும் தான். அவன் அதனைக் குறைவாக எண்ணுவதாகத் தெரியவில்லை.

பூனை வளர்ப்போர் நத்தார் அலங்கார நூலையும் சரிகைத் தாளையும் தரையிலே விடலாகாது. விழுங்கினால் குடல் சுருண்டுவிடும். பூச்சாடியிலே லில்லிப்பூ வேண்டவே வேண்டாம். அதன் மகரந்தம் உடலிற்பட்டு, நக்கினாற்கூடப் பூனையின் சிறுநீரகம் அழியும்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுவோர் வேறொரு தவற்றைச் செய்வர். அயலவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையிலே, நாயைக் கட்டிவைத்துவிட்டு, ஒரு சட்டி சோறும் ஒரு சட்டி நீரும் வைத்துச் செல்வர். சித்திரை வெயிலிலே சோறு நண்பகலுக்குள் புளித்துவிடும். சங்கிலி தட்டி நீர்ச்சட்டி கவிழ்ந்துவிடும். மிகுதி மூன்று நாளும் அந்த நாய்க்கு எப்படிக் கழியும்? நாளுக்கு இருமுறை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்ட ஒருவரிடம் திறப்பையும், மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும், வழமையான உணவையும் கொடுத்துச் செல்லவேண்டும். பூனைக்குத் தன் வீடே சொர்க்கம். அதனை இடம் மாற்றாமல் ஆளை வரவழைப்பதே மேல். நாயைக் காரிலே கூட்டிச் செல்வோர் வழியிலே கடைக்குள் நுழையும்பொழுது அதனை உள்ளே பூட்டி வைக்கலாகாது. வெளியே 30 பாகை வெப்பமெனில், மூடிய காரினுள் பத்து நிமிடத்திலே அது 40 பாகையை எட்டிவிடும்.

காணாமற்போன நாயைத் தேடுவோர்க்கு ஒரு வார்த்தை. கூட்டமாகக் கூவிக்கொண்டு துரத்தாதீர்கள். நாம் அதைத்தான் செய்தோம். ஒருவேளை எமது கூச்சலே அவனை இன்னும் அப்பால் விரட்டியிருக்கும். தெரு அடங்கிய விடியலிலும் இரவிலும் தனித்துச் சென்று, மதகு, பற்றை, பாழ்வளவு முதலிய அருகிடங்களை முதலிலே பாருங்கள். மிருக வைத்தியரிடமும் இத்தகைய பராமரிப்பு இடங்களிலும் முதல் நாளே சொல்லிவையுங்கள். கைத்தொலைபேசியிலே நாயின் தெளிவான படமொன்று எந்நேரமும் இருக்கட்டும். கழுத்துப் பட்டியிலே உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தால் இவையெல்லாம் வேண்டியதேயில்லை. அந்தப் பட்டியின் விலை நாம் அன்று கொளுத்திய வெடியின் விலையிலும் குறைவு.

அந்த ஏழு நாய்களில் மற்றைய ஆறையும் தேடி எவரும் வரவில்லை. அவற்றுள் ஒரு கண் பார்வையற்ற கறுப்புப் பெண் நாயொன்று, நாம் செல்லும்பொழுதெல்லாம் படலை திறக்கும் ஓசை கேட்டு எழுந்து வரும். எம்மை முகர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் தன்னிடத்துக்குப் போய்ப் படுத்துவிடும். தான் காத்திருந்தவர் நாமல்லோம் என்பது அதற்குத் தெரியும். ஆறு மாதம் இவ்வாறு சென்றபின் மகள் அதனை வீட்டுக்குக் கொண்டுவர விரும்பினாள். இப்பொழுது அதற்குப் பெயர் கண்மணி. ஊசியும் கருத்தடையும் செய்தாகிவிட்டது. அட்டைகள் இரண்டும் சுவாமி அறையிலே, பஞ்சாங்கத்தோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.

சென்ற பொங்கலுக்கு முன்னர் ஒழுங்கையிலுள்ள வீடுகளுக்குச் சென்று, வெடியைச் சற்றுத் தொலைவிலுள்ள வயல்வெளியிலே கொளுத்தலாகாதா என்று கேட்டுப் பார்த்தோம். சிலர் உடன்பட்டனர். சிலர் சிரித்தனர். ஒருவர், நாய்க்காகப் பெருநாளையே நிறுத்தச் சொல்வீர்கள் போலிருக்கிறதே என்று சற்றுக் கோபமாகவே சொன்னார். ஆகவே, அன்று காலையிலும் வெடி கேட்கத்தான் செய்தது. முன்னைய அளவுக்கு இல்லை. நாய்கள் இரண்டையும் நடு அறையிலே விட்டு, படலையைக் கம்பியாற் கட்டி, வானொலியிலே நாதசுவரத்தை உரக்க வைத்தோம். பானை பொங்கும்பொழுது மகளைக் காணவில்லை. அவள் அறைக்குள்ளே கட்டிலடியில், ஒருபுறம் வீமனும் மறுபுறம் கண்மணியுமாக அமர்ந்திருந்தாள். ஓசை அடங்கிய பின்னரே கதவைச் சிறிது திறந்து தலையை நீட்டினாள்.

"பொங்கிட்டுதோ, அப்பா? எந்தப் பக்கம் சரிஞ்சது?" என்று கேட்டாள்.

கிழக்கே என்றோம்.